ஓட்டை போட்ட செலரோன்

1998 ஓகஸ்ட் 24ஆம் திகதி இன்டெல் கொம்பனி ஒரே நாளில் இரண்டு சாமான்களைச் சந்தைக்கு விட்டது. ஒன்று 450 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடும் பென்டியம் 2. விலை 669 டொலர். மற்றது செலரோன் 300ஏ. விலை 149 டொலர். அந்த வருஷம் ஒரு டொலர் ஏறக்குறைய 65 ரூபா. கொழும்புக் கணக்கில் பார்த்தால் ஒன்று 43,000 ரூபாவைத் தாண்டுகிறது, மற்றது 10,000 ரூபாவுக்குள் அடங்குகிறது. அதுவும் ஆயிரம் சிப் மொத்தமாக எடுப்பவருக்கான விலை. கப்பல் கூலி, சுங்கம், கடைக்காரரின் இலாபம் எல்லாம் ஏறி பம்பலப்பிட்டிக்கு வந்து சேரும்போது என்ன விலை என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நாங்கள் எழுதப்போவது அந்த மலிவான சாமானைப் பற்றி. அதைக் காசு கொடுத்து வாங்கிய ஆட்கள் அதிலே ஓட்டை போட்டார்கள். சும்மா விளையாட்டுக்கு இல்லை. தனியாகத்தான் வேலை செய்யும், சோடியாக வேலை செய்யாது என்று விற்கப்பட்ட சிப்பை இரண்டாகச் சேர்த்து ஒரே கொம்பியூட்டரில் ஓடவிடுவதற்காக. கொம்பியூட்டர் வரலாறு என்றால் பில் கேட்ஸ், ஸ்டீவ் ஜொப்ஸ், ஒரு கராஜ் என்று கதைத்தே பழகிவிட்டோம். ட்ரில்லும் ஈயமும் பிடித்த கைகள் எழுதிய பக்கம் ஒன்றும் அதில் இருக்கிறது.

முதலில், ஏன் இரண்டு? இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் சாதாரண போனுக்குள்ளேயே எட்டு கோர் இருக்கும். அதனால் இந்தக் கேள்வியே விசித்திரமாகத் தெரியலாம். ஆனால் 1998இல் ஒரு சிப் என்றால் ஒரு மூளை, அவ்வளவுதான். வீட்டுக் கொம்பியூட்டரில் பாட்டு ஓடும்போது பெரிய பைல் ஒன்றைத் திறந்தால் பாட்டு இழுபடும். சீடி எழுதும்போது வேறு வேலை பார்த்தால் சீடி பழுதாகும். இரண்டு சிப் போட்ட மெசின்கள் இல்லாமல் இல்லை. 1995இல் வந்த பென்டியம் புரோவை நான்கு வரைக்கும் ஒரே போர்டில் போடலாம். ஆனால் அவை வங்கிக்கும், பல்கலைக்கழகத்துக்கும், சினிமா கிராபிக்ஸ் செய்பவர்களுக்கும் உரியவை. வீட்டுக்கு ஒன்று, ஒபிசுக்கு இரண்டு, பெரிய இடத்துக்கு நான்கு. வகுப்புப் பிரித்தாயிற்று.

ஒரு பெரிய மூளை கிடைக்காவிட்டால் பல சின்ன மூளைகளைச் சேர்த்துக்கொள்வது எங்கள் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. பெரிய கிரே சூப்பர்கொம்பியூட்டரை இந்தியாவுக்கு விற்க அமெரிக்கா கட்டுப்பாடு போட்டது. அதற்குப் பதிலாக இந்தியா 1988இல் சி-டாக் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. விஜய் பட்கர் தலைமையில் அவர்கள் 1991இல் பரம் 8000 என்ற மெசினைக் கட்டினார்கள். அதன் வயிற்றுக்குள் இருந்தது ராட்சத சிப் அல்ல, இங்கிலாந்து இன்மொஸ் கொம்பனியின் டிரான்ஸ்பியூட்டர் என்ற சின்னச் சிப்கள், வரிசை வரிசையாக. அமெரிக்காவிலேயே 1994இல் நாசாவில் தோமஸ் ஸ்டேர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் சாதாரண 486 சிப்கள் 16ஐச் சேர்த்து பேவுல்ப் என்று ஒரு கூட்டத்தை ஓடவிட்டார்கள். அவர்கள் அரசாங்கக் காசில் செய்தார்கள். செலரோன் ஆட்கள் சொந்தக் காசில் செய்தார்கள். எங்களுக்கு இந்த இரண்டாவது கூட்டத்தில்தான் ஆர்வம்.

செலரோன் பிறந்த கதை கொஞ்சம் அவமானமானது. 1997, 98இல் ஆயிரம் டொலருக்குக் குறைந்த கொம்பியூட்டர்கள் வேகமாக விற்கத் தொடங்கின. அந்த இடத்தை ஏஎம்டியின் கே6 சிப்பும் சைரிக்ஸும் பிடித்துக்கொண்டிருந்தன. இன்டெல்லிடம் மலிவாகக் கொடுக்க ஒன்றும் இல்லை. உடனே என்ன செய்தார்கள்? பென்டியம் 2இல் சிப்புக்கு வெளியே இருந்த 512 கிலோபைட் கேஷ் நினைவகத்தைக் கழற்றினார்கள், மேலே இருந்த பிளாஸ்டிக் கூட்டையும் கழற்றினார்கள், வெறும் பச்சைப் பலகையாக 1998 ஏப்ரலில் செலரோன் என்று பெயர் வைத்து விற்றார்கள். 266 மெகாஹேர்ட்ஸ். கேஷ் இல்லாத சிப் என்பது பக்கத்தில் சாமான் அலுமாரி இல்லாத சமையல்காரர் மாதிரி. ஒவ்வொரு முறை உப்புக்கும் புளிக்கும் கடைக்கு ஓடவேண்டும். விமர்சகர்கள் கிழித்துப் போட்டார்கள், நியாயமாகவே.

நான்கு மாதத்தில் வந்த 300ஏதான் அதற்கான பரிகாரம். பரிகாரம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று சொல்லலாம். இந்த முறை 128 கிலோபைட் கேஷை வைத்தார்கள், ஆனால் வெளியே அல்ல, சிப்பின் சிலிக்கனுக்குள்ளேயே. பென்டியம் 2இன் கேஷ் பெரிது, ஆனால் சிப்பின் பாதி வேகத்தில்தான் ஓடும். செலரோனின் கேஷ் சின்னது, முழு வேகத்தில் ஓடும். பென்டியம் 2 கருவில் 75 லட்சம் டிரான்சிஸ்டர், 300ஏயில் 1 கோடியே 90 லட்சம். மலிவான தம்பியின் உடம்புக்குள் அண்ணனை விட நவீனமான வேலை. பல புரோகிராம்களில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை.

அதோடு நிற்கவில்லை. 300ஏ தன் வெளி உலகத்தோடு, அதாவது மதர்போர்டோடு, 66 மெகாஹேர்ட்ஸில் கதைக்கும். உள்ளே அதை நாலரையால் பெருக்கி 300 ஆக்கிக்கொள்ளும். அந்த நாலரையை மாற்ற முடியாமல் இன்டெல் பூட்டியிருந்தது. ஆனால் 66ஐ மாற்றலாம். அந்த வருஷம் வந்த 440பிஎக்ஸ் என்ற சிப்செட் போட்ட போர்டுகள் 100 மெகாஹேர்ட்ஸும் கொடுக்கும். நாலரை தரம் நூறு எவ்வளவு? 450. அன்றே 669 டொலருக்கு வந்த அதே வேகம். எந்த வேகம் வேண்டும் என்று சிப் போர்டுக்குச் சொல்வது விளிம்பில் இருக்கும் பி21 என்ற ஒரு தொடுகோட்டால். அதை மூடிவிட்டால் போர்ட் 100 என்று எடுத்துக்கொள்ளும். சிலர் சின்னத் துண்டு டேப் ஒட்டினார்கள். சிலர் கியூடெக்ஸ் பூசினார்கள். வீட்டில் அக்கா தங்கச்சி இருந்தால் செலவே இல்லை. எல்லாச் சிப்பும் 450ஐத் தாங்கவில்லை, ஆனால் தாங்கிய சிப்கள் நிறைய.

இனி ஓட்டைக்கு வருவோம்.

இரண்டு சிப் ஒரே போர்டில் இருந்தால் இரண்டும் நினைவகத்துக்குப் போக ஒரே பாதைதான், பஸ் என்று சொல்வார்கள். எங்கள் கொச்சிக்கடை ஒழுங்கை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் வீட்டுப் படி, நடுவில் ஒரு திரீவீலர் மட்டும் போகும் அகலம். இரண்டு பக்கத்தாலும் இரண்டு திரீவீலர் நுழைந்தால் நடுவில் சண்டைதான். அதனால் ஹோர்ன் அடித்துவிட்டு நுழைவது வழக்கம். சிப்களும் அப்படித்தான். 'எனக்குப் பாதை வேண்டும்' என்று கேட்க ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி இருக்கிறது, அது பிஆர்0. மற்றவர் கேட்கிறாரா என்று காது கொடுக்க இன்னொரு கம்பி, அது பிஆர்1. போர்டில் இவற்றைக் குறுக்காக இணைத்திருப்பார்கள். முதல் சிப்பின் வாய் இரண்டாவது சிப்பின் காதுக்குப் போகும், இரண்டாவதின் வாய் முதலாவதின் காதுக்கு. மெசினைப் போட்டவுடன் 'நான் முதலாவதா, இரண்டாவதா' என்று சிப் தெரிந்துகொள்வதும் இதே கம்பிகளால்தான்.

பென்டியம் 2இல் இந்தக் காது விளிம்பில் பி75 என்ற தொடுகோட்டுக்கு வரும். செலரோனில் வரவில்லை. வெறும் அதுதான் வித்தியாசம். உள்ளே சிலிக்கனில் காது இருந்தது. இரண்டு சிப் வேலை பங்கிட்டுக்கொள்ளத் தேவையான ஏபிக் என்ற பகுதியும் உள்ளே உயிரோடு இருந்தது. ஆனால் சிப் உட்கார்ந்திருக்கும் பச்சைப் பலகையில் அந்தக் காதிலிருந்து விளிம்புக்கு ஒரு செப்புக்கோடு இல்லை.

இதைக் கண்டுபிடித்துச் செய்து காட்டியவர் என்று உலகம் அறிந்த பெயர் தொமோஹிரோ கவாடா, ஜப்பானியர். 300ஏ வந்து சில மாதங்களுக்குள் அவர் அந்தப் பலகையை ஆராய்ந்து, காது எங்கே வந்து நிற்கிறது என்று பிடித்து, நுணுக்கமான ட்ரில்லால் துளைத்து, அங்கிருந்து பி75 வரைக்கும் மெல்லிய வயர் ஒன்றை ஈயம் வைத்து ஒட்டினார். அப்படிச் செய்த செலரோனை, பென்டியம் 2க்கென்று செய்யப்பட்ட இரட்டைப் போர்டில் போட்டார். இரண்டும் ஓடின. செய்முறையைப் படத்தோடு எல்லாருக்கும் வெளியிட்டார். பூட்டி வைக்கவில்லை, விற்கவில்லை.

இந்த வேலையின் அளவை எழுத்தில் சொல்வது கஷ்டம். பலகை பல அடுக்குக் கொண்டது, ஒவ்வொரு அடுக்கிலும் செப்புக்கோடுகள். ட்ரில் அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனால் வேறு கோடு அறுந்துவிடும். கொஞ்சம் ஆழமாகப் போனாலும் அப்படித்தான். சூடு கூடினால் தொடுகோடு கழன்று வரும். உத்தரவாதம் ட்ரில் தொட்ட கணமே போய்விடும். கொட்டாஞ்சேனையால் இறங்கி செட்டியார் தெருப் பக்கம் போனால், கண்ணில் கண்ணாடிக் குமிழை மாட்டிக்கொண்டு பத்தர்கள் சங்கிலிக் கண்ணியை ஊதி ஒட்டுவதைப் பார்க்கலாம். அந்தக் கை வேண்டும். ஒரு வித்தியாசம், பத்தர் பிழைவிட்டால் தங்கத்தை உருக்கித் திரும்பவும் செய்யலாம். செலரோனை உருக்கினால் ஒன்றும் வராது.

சரி, வெற்றி என்றால் என்ன கிடைத்தது? இரண்டு 300ஏயின் விலை 298 டொலர். ஒற்றைப் பென்டியம் 2, 450இன் விலையில் பாதிக்கும் குறைவு. அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டும் 450இல் ஓடும். இரட்டைப் பென்டியம் மெசினுக்கு 1,338 டொலர் சிப்புக்கு மட்டும் கொடுக்கவேண்டிய இடத்தில் 298 டொலர், ஒரு வயர், ஒரு மாலைப்பொழுது.

இங்கே நின்று ஒரு கேள்வி கேட்கவேண்டும். இன்டெல் ஏன் அந்தக் கோட்டை விட்டது? செப்புக் காசு மிச்சம் பிடிக்கவா? நிச்சயமாக இல்லை. 1849இல் பிரெஞ்சு எஞ்ஜினியர் ஜூல் துப்யூய் ரயில் கட்டணம் பற்றி எழுதியபோது இதைத் தெளிவாகப் பிடித்துவிட்டார். அந்தக் காலத்து மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை இல்லாமல் விட்டார்கள். கூரை போடப் பெரிய செலவு இல்லை. ஏழைகளை வதைக்கவேண்டும் என்ற ஆசையும் இல்லை. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக்கூடாது, அவரைப் பயப்படுத்தவேண்டும், அதற்குத்தான் கூரை இல்லை. பி75 கோடு இல்லாததும் அதே கூரைதான். வீட்டுப் பிள்ளை இரண்டு செலரோன் போடக்கூடாது என்பதல்ல இன்டெல்லின் கவலை. வங்கிக்காரர் போட்டுவிடக்கூடாது.

இன்டெல்லுக்கு இது முதல் தடவையும் அல்ல. 1991இல் 486எஸ்எக்ஸ் என்று ஒரு மலிவுச் சிப் விட்டார்கள். தசமக் கணக்குப் போடும் பகுதி முடக்கப்பட்ட 486 அது. பிறகு அந்தக் கணக்குப் பகுதி வேண்டும் என்பவர்களுக்கு 487எஸ்எக்ஸ் என்று ஒரு 'துணைச் சிப்' விற்றார்கள். வாங்கி மாட்டினால் உண்மையில் நடப்பது என்ன? 487 என்பது ஒரு முழுமையான 486, ஒரு கால் அதிகம். மாட்டியவுடன் அது பழைய சிப்பை உறங்க வைத்துவிட்டு எல்லா வேலையையும் தானே செய்யும். துணை என்று கூட்டிவந்தவர் வீட்டுக்காரரைத் திண்ணையில் இருத்திவிட்ட கதை.

கொம்பனியின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். ஒரு சிப்பைச் சோடியாக ஓட்டிப் பரிசோதிக்கச் செலவு உண்டு. பரிசோதிக்காத ஒன்றை அவர்கள் உறுதி சொல்லி விற்க முடியாது. வங்கிக்காரர் கொடுக்கும் 669 டொலர்தான் எங்களுக்கு 149க்குச் சிப் கிடைக்க வழி செய்கிறது என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். முதலாவதை ஏற்கிறோம். இரண்டாவதை எங்களால் முழுதாக ஏற்க முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கணக்கில், மலிவான சாமானைக் கெடுத்துக் கொடுப்பது ஒரு தர்மம் மாதிரி ஆகிவிடுகிறது. வேண்டுமென்றால் கோட்டை விடட்டும். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பிறகு அந்தப் பலகை வாங்கியவருடையது, அதிலே கோடு போடுவதும் அவர் பாடு.

இந்த இடத்தில் வடக்கு ஞாபகத்துக்கு வராமல் இருக்காது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் 1990களில் வந்து குடியேறிய எத்தனையோ குடும்பங்கள் அந்த அறிவைக் கையோடு கொண்டுவந்தன. பெற்றோல், பற்றரி உட்படப் பல சாமான்கள் தடை செய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல், அதற்கென்று ஒரு சின்னப் போத்தல். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவிலே றேடியோ செய்தி கேட்டார்கள். செய்த கொம்பனி நினைத்தே பார்க்காத வேலையைச் சாமானிடம் வாங்குவதில் எங்கள் மாமாமாருக்கு யாரும் வகுப்பு எடுக்கவேண்டியதில்லை. ஆனால் இரண்டையும் ஒன்றென்று சொல்லமாட்டோம். அங்கே சாமானே வரவில்லை, உயிர் வாழ்வதற்காகச் செய்தார்கள். செலரோனில் சாமான் முழுசாக வந்துவிட்டது, ஒரு கோடு மட்டும் வரவில்லை, செய்தவர்கள் வசதியான ஊர்களில் ஆர்வத்துக்காகச் செய்தார்கள். இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு 'ஏழையின் புத்திசாலித்தனம்' என்று இரண்டையும் ஒரே கூடையில் போட்டுப் புகழும் எழுத்துகள் எங்களுக்குப் பிடிப்பதில்லை.

1999 ஜனவரியில் செலரோன் உருவம் மாறத் தொடங்கியது. பலகை இல்லாமல், கால்கள் கொண்ட சதுரச் சிப்பாக, சொக்கட் 370 என்ற குழியில் உட்காரும் வகை வந்தது. பழைய ஸ்லொட் போர்டில் அதைப் போட ஒரு அடப்டர் பலகை விற்றார்கள். இது கை வேலைக்காரருக்குக் கொண்டாட்டம். காது இப்போது ஏஎன்15 என்ற காலில் நேராகவே வந்து நின்றது. சிப்பில் ட்ரில் வைக்கத் தேவையில்லை, மலிவான அடப்டரில் ஏஎன்15இலிருந்து பி75க்கு ஒரு வயர் போட்டால் போதும். பழுதானால் அடப்டர்தான் போகும். கொஞ்ச நாளில் அடப்டர் செய்யும் கொம்பனிகளே அந்த வயரை உள்ளே போட்டு, ஒரு ஜம்பரும் வைத்து விற்கத் தொடங்கின.

அடுத்த படியைத் தாய்வானின் அபிட் கொம்பனி எடுத்தது. 1999 நடுப்பகுதியில் பிபி6 என்று ஒரு மதர்போர்ட். 440பிஎக்ஸ் சிப்செட், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சொக்கட் 370. இரண்டு செலரோனை வாங்கி, ஒன்றும் செய்யாமல், அப்படியே போடலாம். ட்ரில் இல்லை, ஈயம் இல்லை. கவாடா ஓட்டை போட்டுத் திறந்த கதவுக்கு அபிட் ஒரு நிலையும் பிணைச்சலும் வைத்துக் கொடுத்தது. செலரோன் இரட்டையாக ஓட இன்டெல் சம்மதம் சொல்லவேயில்லை. ஆனால் போர்ட் உலகம் முழுக்க விற்றது. இன்றைக்கும் பழைய கொம்பியூட்டர் சேர்ப்பவர்கள் பிபி6 என்றால் குரல் மாறிவிடுவார்கள். அந்தப் போர்டில் ஒரு குறையும் இருந்தது, சில கெபாசிட்டர்கள் வீங்கிப்போகும். அதையும் ஆட்கள் கழற்றி நல்லது வைத்து ஓட்டினார்கள். அபிட் 2008 கடைசியில் மதர்போர்ட் தொழிலை மூடிவிட்டது.

இரண்டு மூளை வந்துவிட்டது, வேலை இரண்டு மடங்கா? அதுதான் இல்லை. முதலில் விண்டோஸ் 98க்கு இரண்டாவது சிப் இருப்பதே தெரியாது. விண்டோஸ் என்டி 4 வேண்டும், அல்லது 2000 பெப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000 வேண்டும். அல்லது லினக்ஸ். 1999 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.2 கேர்னல் பல சிப்களைக் கையாள்வதில் முன்னையதைவிட நன்றாகவே தேறியிருந்தது. பிஓஎஸ் என்று ஒன்று இருந்தது, பிறவியிலேயே பல சிப்களுக்கென்று எழுதப்பட்டது, பிபி6 ஆட்களின் செல்லப்பிள்ளை. கேம்களில் குவேக் 3 இரண்டாவது சிப்பைப் பாவிக்க ஒரு வழி வைத்திருந்தது. பெரும்பாலான கேம்களில் இரண்டாவது செலரோன் சும்மா சூடாகிக்கொண்டிருக்கும்.

மென்பொருளிலும் அதே கூரைக் கதைதான். விண்டோஸ் என்டி 4 வேர்க்ஸ்டேசனுக்கும் பல மடங்கு விலையுள்ள சேர்வருக்கும் அடியில் இருப்பது ஒரே கேர்னல், சில அமைப்புகள்தான் வேறு என்று 1996இல் அன்ட்ரூ ஷூல்மன், மார்க் ருசினோவிச் போன்றவர்கள் வெளியே போட்டார்கள். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது ஹோம் பதிப்புக்கு ஒரு சொக்கட், புரொபெஷனலுக்கு இரண்டு என்று பிரித்தார்கள். எங்கள் ஊரில் இந்தப் பிரிவு பெரிதாக யாரையும் வருத்தியிருக்காது. அந்தக் காலத்துக் கொழும்பில் விண்டோஸுக்கு முழு விலை கொடுத்தேன் என்று ஒருவர் சொன்னால், அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்திருப்போம்.

இரண்டாவது பிரச்சினை அந்த ஒழுங்கை. இரண்டு சிப்புக்கும் ஒரே 66 மெகாஹேர்ட்ஸ் பாதை. கேஷ் சின்னது என்பதால் இரண்டும் அடிக்கடி ஒழுங்கைக்கு வந்து ஹோர்ன் அடிக்கும். அதனால்தான் 100க்கு ஏற்றுவது இங்கே இரட்டிப்பு இலாபம். மெசின் எப்படி உணரும் என்று கேட்டால், வேகத்தைவிட அமைதி என்றுதான் சொல்லவேண்டும். ஒரு சிப் முழுதாக வேலையில் மூழ்கியிருந்தாலும் மவுஸ் சிக்காது, பாட்டு இழுபடாது. இன்றைக்கு எல்லாருக்கும் சாதாரணமாகிவிட்ட அந்த உணர்வை, இன்டெல்லும் ஏஎம்டியும் ஒரே சிப்பில் இரண்டு கோர் வைத்துச் சாதாரண ஆட்களுக்குக் கொடுத்தது 2005இல். ஓட்டை போட்டவர்கள் அதை ஆறு வருஷத்துக்கு மேல் முந்தியே வீட்டில் வைத்திருந்தார்கள்.

இன்டெல் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 2000 மார்ச்சில் வந்த அடுத்த தலைமுறைச் செலரோனில் காதைச் சிலிக்கனுக்குள்ளேயே முடக்கிவிட்டார்கள். இனிப் பலகையில் எங்கே ட்ரில் வைத்தாலும் பிரயோசனம் இல்லை. கவாடாவின் வழி இரண்டு வருஷத்துக்குள் அடைபட்டது.

ஆட்கள் ஏஎம்டி பக்கம் திரும்பினார்கள். 2000 நடுப்பகுதியில் வந்த டியூரோன், அத்லோன் சிப்களின் மேற்பரப்பில் சின்னச் சின்னப் பாலங்கள் வெளியே தெரியும். எல்1 என்ற வரிசைப் பாலங்களை இணைத்தால் பெருக்கி எண் திறந்துவிடும். இணைக்க என்ன வேண்டும்? பென்சில். பென்சில் கரி மின்சாரம் கடத்தும். பள்ளிக்கூடப் பென்சிலால் நாலு கோடு கீறினால் சிப் வேகம் மாறும். உலக வரலாற்றில் இவ்வளவு மலிவான கருவியால் இவ்வளவு விலையான சாமான் திருத்தப்பட்டிருக்குமா என்பது சந்தேகம். 2001 ஜூனில் சோடிக்கென்றே அத்லோன் எம்பி என்ற விலைகூடிய சிப் வந்தது. ஒக்டோபரில் சாதாரண ஆட்களுக்கு அத்லோன் எக்ஸ்பி வந்தது. இரண்டுக்கும் கரு ஒன்று. எக்ஸ்பியை எம்பி ஆக்க எல்5 வரிசையில் கடைசிப் பாலத்தை இணைக்கவேண்டும். இந்த முறை ஏஎம்டி பாலங்களை லேசரால் வெட்டிப் பள்ளமாக்கியிருந்தது, பென்சில் எடுபடவில்லை. பள்ளத்தைச் சுப்பர் குளூவால் நிரப்பி, காய்ந்த பிறகு மேலே கடத்தும் பூச்சால் கோடு போட்டார்கள். குளிர் நாடுகளில் கார்ப் பின்கண்ணாடியின் சூடாக்கும் கோடு அறுந்தால் பூசும் பூச்சு அது. கொழும்பு வெக்கையில் அந்தச் சாமானை யார் கண்டது! 2003 கடைசியில் ஏஎம்டியும் பூட்டை உள்ளே வைத்துவிட்டது.

அதற்குப் பிறகும் கதை துண்டு துண்டாகத் தொடர்ந்தது. 2009இல் மூன்று கோர் என்று விற்ற ஏஎம்டி பினொம் 2 சிப்கள் சிலவற்றில் மதர்போர்டின் பயோஸில் ஒரு அமைப்பை மாற்றினால் நான்காவது கோர் எழும்பியது. சிலருக்கு எழும்பிய கோர் உண்மையிலேயே பழுது, மெசின் தொங்கிவிடும். 2013 அளவில் பழைய சேர்வர்களிலிருந்து கழித்த ஸியோன் சிப்களைச் சாதாரண 775 போர்டில் போடும் வழி பிரபலமானது. இரண்டு தொடுபுள்ளிகளை மாற்றி விடும் ஒரு சின்ன ஸ்டிக்கர், சொக்கட்டின் இரண்டு பிளாஸ்டிக் முனைகளை வெட்ட ஒரு பிளேட், அவ்வளவுதான். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டியபோது புதுச் சிப் வாங்கும் கனவை மூட்டைகட்டியவர்களுக்கு இந்த மாதிரிப் பழைய ஸியோன்களின் அருமை விளங்கும்.

இன்டெல் எடுத்த பாதை வேறு. 2010இல் பென்டியம் ஜி6951 என்று ஒரு சிப். அதன் கேஷில் ஒரு பகுதியையும் ஹைப்பர்திரெடிங்கையும் முடக்கி விற்றார்கள். கடையில் 50 டொலருக்கு ஒரு அட்டை வாங்கலாம். ரீலோட் கார்ட் மாதிரியே சுரண்டி இலக்கத்தை அடித்தால், முடக்கியது திறக்கும். சிப் ஏற்கனவே உங்கள் மேசையில் இருக்கிறது, அதில் இருப்பதற்கே திரும்பவும் காசு. எதிர்ப்பு பலமாக வந்தது, அடுத்த வருஷம் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். 2023இல் சேர்வர் ஸியோன்களுக்கு இன்டெல் ஒன் டிமாண்ட் என்ற பெயரில் அதே யோசனை திரும்பி வந்தது. இம்முறை வாங்கியவர்கள் பெரிய கொம்பனிகள், அதனால் சத்தம் குறைவாக இருந்தது. திறப்பு என்பது இன்டெல் கையொப்பமிட்ட ஒரு பைலாக இருந்தது. பென்சிலுக்கும் ட்ரில்லுக்கும் அங்கே வேலை இருக்கவில்லை.

பழைய கொம்பியூட்டர் உடைத்து விற்கும் இடங்களில் பிளாஸ்டிக் கூடு இல்லாத பச்சைப் பலகைச் செலரோன் உங்கள் கண்ணில் பட்டால் திருப்பிப் பாருங்கள். விளிம்பில் பொன்முலாம் பூசிய தொடுகோடுகள், ஏ பக்கம் 121, பி பக்கம் 121, மொத்தம் 242. பி பக்கத்தில் எண்ணிக்கொண்டு போனால் 21ஆவதில் கியூடெக்ஸ் தடம் இருக்கலாம். 75ஆவதில் ஈயப் பொட்டு இருந்தால், பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள்.